பிரஷர்னா என்னன்னு நினைக்கிறீங்க?

அப்பாவும் நானும் மூன்று வருடமாக ஒரே சண்டையைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு ரத்த அழுத்தம். தினமும் காலையில் ஒரு மாத்திரை போடவேண்டும், போடமாட்டார். "இன்னைக்கு நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு?" என்பார். நான் பக்கவாதம், சிறுநீரகம், மாரடைப்பு என்று வரிசையாக அடுக்குவேன். ஒருமுறை ஒரு கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக்கூடக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார், மடித்து வைத்தார், அவ்வளவுதான். மாத்திரை அட்டை அப்படியே இருந்தது.

பிடிவாதம், வேறென்ன, என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்பவரின் ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் கோளாறு என் பக்கமும் இருக்கலாம் என்று உறைத்தது. மனிதர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் கானமன், ட்வெர்ஸ்கி இருவரிடமும் ஜெருசலேமில் படித்தவர், பிறகு பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். மனிதர்கள் ஆபத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. அதில் எனக்குப் பிடித்த பகுதி கிரேஞ்சர் மார்கன், ஆன் பாஸ்ட்ரம், சிந்தியா ஆட்மன் ஆகியோருடன் சேர்ந்து அவர் ரேடான் வாயுவை வைத்துச் செய்தது.

ரேடானுக்கே ஒரு நல்ல கதை உண்டு. 1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த பொறியாளர் கதிர்வீச்சு அலாரத்தை அலறவிட்டுக்கொண்டே இருந்தார். வேலை முடிந்து வெளியே போகும்போது அலறினால் புரியும், காலையில் உள்ளே வரும்போதே அலறினால்? அந்த நிலையம் அப்போது மின்சாரம் தயாரிக்கவே தொடங்கவில்லை. கடைசியில் பார்த்தால் அவருடைய வீட்டுக்குள்தான் ரேடான் நிறைந்து கிடந்தது. மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியத்திலிருந்து வரும் வாயு, நிறம் கிடையாது, மணம் கிடையாது, அஸ்திவார விரிசல் வழியாக ஏறி வரும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைக்கு அடுத்த காரணமாக அமெரிக்காவில் இதைத்தான் சொல்கிறார்கள். ஆகவே 1986-ல் அரசு ஒரு கையேடு போட்டது. அளவு, பாதிப்பு, எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன.

ஃபிஷ்ஹாஃப் குழு என்ன செய்தது என்றால், மக்களை உட்காரவைத்து "ரேடானைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டது. கேள்வித்தாள் கிடையாது. "இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று தூண்டலாம், ஆனால் அவர் வாயில் வராத சொல்லை நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது. இது சின்ன விஷயமாகத் தெரியும், இல்லை. 'ரேடான் விரிசல் வழியாக வருமா? ஆம் / இல்லை' என்று கேட்டுவிட்டால் விரிசல் என்ற எண்ணத்தையே நாம்தான் அவருக்குக் கொடுத்துவிடுகிறோம், பிறகு பதிலை எண்ணி என்ன பயன். இருபது முப்பது பேரிடம் பேசினால் பெரும்பாலும் புதிதாக எதுவும் வராமல் நின்றுவிடுமாம். அதன்பிறகு நிபுணர்கள் வரைந்த காரண வரைபடத்தோடு (எதனால் எது நடக்கிறது என்ற படம்) மக்கள் சொன்னதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், எங்கே ஓட்டை, எங்கே தேவையில்லாத கிளை என்று.

அப்படி அகப்பட்டதுதான் இது. வீட்டுக்குள் ரேடான் வந்துவிட்டால் சுவர், தரை எல்லாம் நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று பலர் நம்பினார்கள். அணுக்கழிவு பற்றிக் கேள்விப்பட்ட படத்தை இங்கே ஒட்டிக்கொண்டார்கள், யோசித்தால் நியாயமான ஒட்டுதான். உண்மையில் ரேடானின் அரைவாழ்வுக் காலம் 3.8 நாள், அதாவது அதற்குள் பாதி சிதைந்துபோய்விடும். விரிசலை அடைத்து, காற்றை வெளியேற்ற வழிசெய்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஆனால் 'வீடே போச்சு' என்ற படம் தலையில் இருப்பவர் காசு கொடுத்துச் சோதனை ஏன் செய்யப்போகிறார்? தெரியாமலிருப்பதுதான் அவருக்கு நல்லது! அரசுக் கையேட்டைப் படித்தவர்களிடம் ரேடானை எப்படிக் குறைப்பது என்று பின்னர் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் தெரியாது என்றோ வழியே இல்லை என்றோ சொன்னார்கள்.

இதைத்தான் மென்டல் மாடல் என்கிறார்கள். உலகத்தின் ஒரு சின்ன மாதிரியை மனசு தனக்குள் கட்டி வைத்துக்கொண்டு அதை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கிறது என்று 1943-லேயே உளவியலாளர் கென்னத் கிரெய்க் எழுதிவிட்டார். நான் மனப்படம் என்றே சொல்லிக்கொள்கிறேன். எனக்கும் உண்டு. அறை சீக்கிரம் குளிரட்டும் என்று ஏசியை 16-ல் வைப்பேன், ஏதோ குழாயை முழுசாகத் திறந்தால் தண்ணீர் வேகமாக வருகிற மாதிரி. எத்தனையில் வைத்தாலும் அது ஒரே வேகத்தில்தான் குளிரவைக்கும். வில்லெட் கெம்ப்டன் 1986-ல் வீட்டு ஹீட்டர்களை வைத்து இதே நம்பிக்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். (இன்வெர்ட்டர் ஏசி கதை கொஞ்சம் வேறு, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.)

அப்புறம் ரத்த அழுத்தம். 1985-ல் ஹோவர்ட் லெவன்தாலும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது, எங்கள் வீட்டை ஒட்டுக்கேட்டு எழுதினார்களோ என்று தோன்றியது. 'அழுத்தம் ஏறினால் வெளியே தெரியாது' என்பதை நோயாளிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் 'எனக்கு ஏறினால் எனக்குத் தெரிந்துவிடும்' என்பார்கள். தலைவலி, முகச்சூடு, படபடப்பு, ஆளுக்கு ஒரு அடையாளம். அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் மாத்திரை. நம் பேச்சே அப்படித்தானே இருக்கிறது, கோபம் வந்தால் "பிரஷர் ஏத்தாதே" என்கிறோம்.

எண்களைச் சொல்வதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்லோவிக், ஃபிஷ்ஹாஃப், லிக்டன்ஸ்டைன் 1978-ல் சீட் பெல்ட் பற்றி ஒன்று செய்தார்கள். ஒரு கார் பயணத்தில் உயிர் போகும் வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்று என்றால் பெரும்பாலோர் அசையவில்லை. அதையே வாழ்நாள் முழுவதற்கும் கூட்டி, சுமார் நூற்றில் ஒன்று என்றதும் பத்தில் நாலு பேர் இனி அதிகம் போடுவோம் என்றார்கள். சொன்னார்கள், போட்டார்களா என்பது வேறு. "ஒருநாள்தானே" என்கிற அப்பா தவறான கணக்கு எதுவும் போடவில்லை, அன்றைய ஒருநாள் கணக்கை மட்டும் போடுகிறார்.

சரி, படத்தைத் திருத்திவிட்டால் ஆள் திருந்திவிடுவாரா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. புகைபிடிக்கும் மருத்துவர்களுக்குப் படத்தில் என்ன பிழை? இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு 'ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். நிபுணரின் வரைபடத்தில் இல்லாதது மக்கள் பேச்சில் கிடைப்பதும் உண்டு, அதற்காகவும்தான் கேட்கிறார்கள்.

எப்படியோ, ஒருநாள் நானும் கேட்டுப் பார்த்தேன். "பிரஷர்னா என்னன்னு நினைக்கிறீங்கப்பா, சும்மா சொல்லுங்களேன்." சந்தேகமாகப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை (கஷ்டமாகத்தான் இருந்தது). இருபது நிமிடம் பேசினார். ரத்தம் சூடாகிறது, மாத்திரை அதைத் தணிக்கிறது. இதுவரைக்கும் நான் எதிர்பார்த்ததுதான். அப்புறம் சொன்னார்: "தினம் போட்டா உடம்புக்குப் பழகிடும். நிஜமா ஏறுற அன்னைக்கு வேலை செய்யாது. அதான் மிச்சம் புடிச்சு வெச்சிருக்கேன்." மூன்று வருடமாக அவர் தன் உடம்பைக் காப்பாற்றத்தான் மாத்திரையைச் சேமித்துக்கொண்டிருந்திருக்கிறார்! நான் கொடுத்த கட்டுரையில் இதற்குப் பதிலாக ஒரு வரிகூட இல்லை.

டாக்டரிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் அவரையே கேட்கவைத்தேன். கூடவே வீட்டில் ஒரு பிரஷர் மெஷின், ஒரு நோட்டு. அளப்பதற்கு முன்னால் எவ்வளவு இருக்கும் என்று அவரே ஊகித்து எழுதவேண்டும், பிறகு மெஷின் காட்டுவதைப் பக்கத்தில் எழுதவேண்டும். ஒன்பதாம் நாள் 'ரொம்ப நல்லா இருக்கேன், 125' என்று எழுதியிருந்தார். மெஷின் 168 காட்டியது. மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லி வேறொன்று வாங்கிவந்தார்.

இப்போது வீட்டில் இரண்டு மெஷின் இருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன. மாத்திரை போடுகிறார், பெரும்பாலான நாட்களில்.