வெள்ளியங்கிரிக்கு ஒரு பை

"மாமா, இது போதுமா?" அக்கா மகன் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். இன்று இரவு வெள்ளியங்கிரி ஏறுகிறான், கோவைப் பக்கம் ஏழு மலை ஏறிப் போகும் சிவன் கோயில், முதல் தடவை.

தடிமனான போர்வை, ஜீன்ஸ், டர்க்கி டவல், பெரிய பாட்டில்களில் நாலு லிட்டர் தண்ணீர். தண்ணீர் மட்டுமே நாலு கிலோ!

எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினோம்.

ஜீன்ஸ் முதலில் வெளியே போனது. நனைந்தால் லேசில் காயாது. ஏழாவது மலைக் காற்றில் ஈரத்துணியோடு நிற்கவே கூடாது.

டவலுக்கும் போர்வைக்கும் பதில் என் பழைய நாலு முழ வேட்டி. துவைத்துத் துவைத்து நூல் மெலிந்து, அடியில் கை வைத்தால் விரல் தெரியும். துடைக்கலாம், தலையில் கட்டலாம், விரித்துப் படுக்கலாம். பாறை மேல் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், குல்லா.

கையில் மூங்கில் தடி இருக்கும், அதனால் நெற்றியில் மாட்டும் டார்ச். அவல், வெல்லம், கடலை டப்பாவில். அடிவாரத்தில் வனத்துறையினர் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைச் சோதிப்பார்கள், அது ரொம்ப நல்ல விஷயம்.

மலையடிவாரப் பூண்டியில் துணி மூட்டை ஒன்றோடு ஏறும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே சுனை, எங்கே காற்று, எந்தப் பாறை ஓரம் ஒதுங்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். அது தெரியாத நாம்தான் பையில் திணிக்கிறோம்.

அப்புறம், இந்த வாரம் ஏறியவர்கள் சொல்லுங்கள்: ஆறாவது மலை ஆண்டி சுனையில் தண்ணீர் எப்படி? பையன் எட்டு மணிக்குக் கிளம்புகிறான்.