தை மழையும் செம்பனார்கோவில் கண்ணாடியும்

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்று எங்கள் பாட்டி சொல்லுவார். பாட்டியின் காலத்தில் சரியாக இருந்திருக்கலாம். 2023 பிப்ரவரி தொடக்கத்தில், தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு, ஒரு தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்து, அறுவடைக்கு நின்ற டெல்டா நெல்லைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு தை பிறந்தாலே எனக்கு வானத்தின் மேல் ஒரு கண் இருக்கும். இந்தத் தையும் அது ஏமாற்றவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தூறலாகத் தொடங்கியது, இரவெல்லாம் கொட்டி, சனிக்கிழமை விடிந்த பிறகுதான் விட்டது.

நாங்கள் ஒன்பது பேர். கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு மழைமானி. காலை எட்டரைக்கு அளந்து, ஒன்பது மணிக்குள் எனக்குப் போனில் சொல்லிவிட வேண்டும். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். எட்டரை என்பது நாங்கள் வைத்த நேரம் இல்லை. இந்திய வானிலைத் துறை நாடு முழுக்க அந்த நேரத்தில்தான் அளக்கிறது, கிரீன்விச் கணக்கில் அப்போது அதிகாலை மூன்று மணி. பெயர்களை விட்டுவிட்டு ஊர்ப் பெயராலேயே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வோம். என் மனைவிக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது. "ஆக்கூர் போன் பண்ணிச்சு, கூப்பிடச் சொல்லிச்சு" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை வந்த கணக்கு, மில்லிமீட்டரில்: கும்பகோணம் 22, குத்தாலம் 28, மாயவரம் 37, செம்பனார்கோவில் 31, ஆக்கூர் 58, தரங்கம்பாடி 66, காரைக்கால் 71, நாகை 64, திருவாரூர் 40. கடலை நெருங்க நெருங்க ஏறுகிறது. கிழக்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வரும்போது முதல் சுமையைக் கரையிலேயே இறக்கிவைப்பது வழக்கம்தான். அதுவும் கடலோரத்தில் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் பலமாகப் பிடிக்கும். எல்லாம் ஒழுங்காக ஏறிக்கொண்டு போக, செம்பனார்கோவிலில் மட்டும் ஒரு பள்ளம்.

இது புதிதில்லை. மார்கழி முழுக்க அந்த ஊர் இப்படித்தான் இருந்தது. செம்பனார்கோவில் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "மழைக்கு எங்க ஊர் மேல என்ன கோபமோ" என்று ஒவ்வொரு தடவையும் வருத்தப்படுவார். நானும் சும்மா இருக்கவில்லை. வரைபடத்தில் கோடு போட்டு, அந்த இடத்தில் முட்டை மாதிரி ஒரு வட்டம் வரைந்து, "இங்கே ஏதோ மழை மறைவு இருக்கிறது" என்று எல்லோருக்கும் விளக்கம் கொடுத்திருந்தேன். மேசை மாதிரி தட்டையாகக் கிடக்கும் டெல்டாவில் மழை மறைவு! மலை இருந்தால்தானே மறைவு? யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இந்தத் தடவை ஆக்கூர்க்காரர் விடவில்லை. "எனக்கும் அவருக்கும் நடுவுல என்ன பெரிய தூரம்? ராத்திரி ரெண்டு ஊருலயும் ஒரே மாதிரி ஓட்டுல அடிச்சுது. அவரு தென்னை மரத்தடியில வச்சிருப்பாரு, போய்ப் பாருங்க" என்றார். சார் பதிலுக்கு, "அவரு மானி பாட்டில்ல கூரைத் தண்ணி ஒழுகுதான்னு முதல்ல பாருங்க" என்றார். சரி, ஞாயிறு சும்மாதானே இருக்கிறோம், எல்லா மானிகளையும் நேரில் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மைத்துனனைக் கூட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன். பையில் ஒரு டேப், ஒரு ரசமட்டம், நோட்டு. காலை எட்டரை அளவை அம்மாவிடம் ஒப்படைத்தேன். அம்மா அளந்தால் அரை மில்லி கூடப் பிசகாது, எண்ணெய் அளந்து பழகிய கை.

ஆறு மணிக்குக் கிளம்பும்போது பனி முகத்தில் அறைந்தது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், அன்றைக்கு என் ஸ்வெட்டரையும் துளைத்தது. ஆடுதுறையைத் தாண்டும்போது நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வளாகம் மூடுபனிக்குள் இருந்தது. 1922-இல் தொடங்கிய நிலையம். ஏ.டி.டி. என்று தொடங்கும் நெல் ரகங்களெல்லாம் இந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கின்றன. வழியில் வயல்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. கதிர் முற்றித் தலை கவிழ்ந்த சம்பா, அங்கங்கே மட்டும் வட்டமாகப் படுத்திருந்தது. குத்தாலத்தில் மானி நன்றாக இருந்தது. காபியும் நன்றாக இருந்தது. மாயவரத்திலும் அப்படியே, மானியின் வாய் லேசாகச் சாய்ந்திருந்ததை ரசமட்டம் வைத்து நிமிர்த்தினோம்.

மாயவரம் தாண்டித் தரங்கம்பாடி சாலையில் சில கிலோமீட்டர் போனதும் மைத்துனன் பின்னாலிருந்து தோளைத் தட்டினான். "மாமா, ஓரமா நிறுத்துங்க."

இரண்டு பக்கமும் வயல் படுத்துக் கிடந்தது. அங்கங்கே வட்டமாக இல்லை, பாய் விரித்த மாதிரி மொத்தமாக, எல்லாத் தாளும் மேற்குப் பக்கம் தலை வைத்து. வாய்க்கால் மதகைத் திறந்துவிட்டு ஒரு பெரியவர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். தண்ணீர் இன்னும் கணுக்கால் அளவு. பேச்சுக் கொடுத்தோம். ஒன்பது மா நிலத்தில் சம்பா, இன்னும் எட்டு நாளில் அறுப்பு. நெல்லுக்குள்ளேயே உளுந்தும் தெளித்திருக்கிறார். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கிற பயிருக்குள் உளுந்தை வீசிவிடுவது இங்கே வழக்கம். மண்ணில் இருக்கும் ஈரத்திலேயே முளைத்து, நெல் அறுத்த பிறகு தாளுக்கு நடுவே அது தலை தூக்கும். தனியாக உழவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஆனால் தெளித்த கையோடு தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும். ஆக, ஒரே இரவில் இரண்டு வெள்ளாமைக்கும் அடி.

பெருமையாக நோட்டை எடுத்தேன். "இந்தப் பக்கம் 31 மில்லிதான் பெஞ்சிருக்கு பெரியவரே."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "முப்பத்தொண்ணா? மூணு மணிக்கு நான் இந்த வரப்புல நின்னேன் தம்பி. மூணு உழவு மழை. உன் நோட்டுல என்னமோ போட்டுக்க."

ஒரு உழவு மழை என்பது ஏர் ஓட்டும் ஆழத்துக்கு மண் நனைகிற மழை. மானியெல்லாம் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் கணக்கு. மில்லிமீட்டரோடு அதை நேருக்கு நேர் பொருத்த முடியாது, மண்ணுக்கு மண் மாறும். ஆனால் மூன்று உழவுக்கும் 31 மில்லிக்கும் ஒத்துப்போகாது என்பது எனக்கே தெரிந்தது.

செம்பனார்கோவில் சார் வீட்டு வாசலில் எங்களுக்காக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நேரே கொல்லைப்பக்கம். தென்னை மரம் தள்ளித்தான் இருந்தது. ஒரு தடை எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தூரமாவது மானி விலகியிருக்க வேண்டும் என்பது விதி, சார் அதை அடி வைத்து அளந்தே போட்டிருந்தார். தரையிலிருந்து வாய் 30 செ.மீ. உயரம், சரி. ரசமட்டத்தில் குமிழ் நடுவில், சரி. புனலில் இலை தழை இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நிஜமாகவே மழைக்கு இந்த ஊர் மேல் கோபமோ என்று.

மைத்துனனுக்கு மழையில் ஆர்வம் கிடையாது, என் வண்டியில் பின்னால் உட்காரத்தான் வந்தவன். சும்மா டேப்பைப் புனல் வாயில் வைத்து, "பதினொண்ணே கால்" என்றான்.

"பதினாறு இருக்கணுமே" என்றேன் நான்.

"ஏன் இருக்கணும்? எப்பவும் பதினொண்ணே கால்தான்" என்றார் சார்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. மழைமானிகளில் இரண்டு அளவு உண்டு. வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் உள்ளது ஒன்று, அதன் குறுக்களவு பதினாறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 100 சதுர சென்டிமீட்டர் உள்ளது இன்னொன்று, பதினொன்றே கால். எங்களில் மற்ற எல்லோரிடமும் இருப்பது பெரியது. இரண்டுக்கும் அளவுக் கண்ணாடி வேறு வேறு. பெரிய வாயில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 20 மில்லிலிட்டர் தண்ணீர், சின்ன வாயில் 10 மில்லிலிட்டர்.

"சார், அந்தக் கண்ணாடியைக் கொண்டாங்க."

கொண்டு வந்தார். புத்தம் புதியது. பழையது கார்த்திகைக் கடைசியில் கை தவறி உடைந்ததாம். தஞ்சாவூர் போனபோது ஒரு கடையில் "மழைமானிக் கண்ணாடி" என்று கேட்டிருக்கிறார், கடைக்காரரும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். எதற்கும் சோதித்துவிடுவோம் என்று, சாரின் வீட்டம்மா பால் அளக்கும் நூறு மில்லிலிட்டர் குவளையில் தண்ணீர் எடுத்து அதில் ஊற்றினோம். சின்ன மானிக்கு அது 10 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். 5-இல் நின்றது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், கண்ணாடியின் அடியில் பொடி எழுத்தில் 200 என்று போட்டிருப்பதை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஆக 31 இல்ல, 62" என்றார் கடைசியில். உள்ளேயிருந்து சாரின் வீட்டம்மா, "ரெண்டு மாசமா ஊரு மழையில பாதியத் திருடியிருக்கீங்க" என்றார்.

ஆக்கூரில் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை. எழுந்து போய்த் தன் மானியின் வாயை அளந்துவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

தரங்கம்பாடியில் மத்தியானம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு முன்னால் கடல் கலங்கிய டீ நிறத்தில் இருந்தது. நிற்க நேரமில்லை. காரைக்காலில் நண்பர் மொட்டை மாடியிலிருந்து மானியைக் கீழே இறக்கச் சம்மதித்தார், அது ஒரு சாதனை. மாடியில் காற்று சுழற்றும், துளிகள் வாய்க்குள் விழாமல் தாண்டிப் போகும், ஆக அவருடைய 71 கூடக் குறைவாக இருக்கலாம். அந்த ஊரில் வானிலைத் துறையின் ரேடார் இருப்பதால் அவருக்குக் கொஞ்சம் மிதப்பு. ரேடார் மேகத்தில் இருப்பதைத்தான் பார்க்கும், கண்ணாடியில் விழுந்ததைப் பார்க்காது என்று நான் சொல்ல, பேச்சு நாகூர் வரை நீண்டது. நாகூரில் அந்த ஊர்ப் பலகாரமான வாடா தின்றோம், பேச்சு நின்றது.

நாகைத் தம்பியின் பிரச்சினை வேறு. அவனுடைய சரியான அளவு 64.2. வானிலைத் துறையின் கணக்கில் 64.5-லிருந்துதான் கனமழை, அதற்குக் கீழே மிதமான மழை. பொட்டு அளவில் நழுவிவிட்டது. "அண்ணே, நான் ஒரு நிமிஷம் முன்னாடி அளந்துட்டேன்னு நினைக்கிறேன்" என்று இரண்டு முறை சொன்னான். எனக்கு அப்போது அந்த வரப்புப் பெரியவர் ஞாபகம் வந்தார். திருத்திய பிறகும் செம்பனார்கோவிலின் 62 மிதமான மழைதான். இதே டெல்டாவில், 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர், 2022 நவம்பரில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர். அவற்றோடு வைத்தால் எங்கள் மழை ஒரு தூற்றல். ஆனால் முற்றிய கதிருக்குத் தலைதான் பாரம், அதன் மேல் ஓர் இரவுத் தண்ணீரும் காற்றும் போதும். தண்ணீரில் படுத்த நெல் இரண்டு மூன்று நாளில் முளைவிடத் தொடங்கும். அறுக்கப் போனால் டயர் போட்ட அறுவடை வண்டி சேற்றில் இறங்காது, பெல்ட் வண்டிக்கு வாடகை கூட. அறுத்துக் கொண்டுபோனால் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருக்கும் நெல்லைக் கொள்முதலில் தள்ளிவைப்பார்கள். திருவாரூர் வழியாகத் திரும்பும்போது சாலையில் பாதியை நெல்தான் அடைத்திருந்தது. தார்ப்பாயை விலக்கிவிட்டுப் பெண்கள் காலால் கிளறிக்கொண்டே நடந்தார்கள். வண்டியை மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது, நோட்டைப் பற்றி நான் பேசவும் இல்லை.

ராத்திரி டொராண்டோவிலிருந்து அத்தை மகன் கூப்பிட்டான். அவனும் எங்கள் பட்டியலில் ஒட்டிக்கொண்ட ஆள். அங்கேயும் அதே வாரம் பனிப்புயல். "எழுதிக்க மச்சான், 250 மில்லி, நான்தான் முதல்" என்றான். வெள்ளைப் பலகை ஒன்றைத் தரையில் போட்டு, அதன் மேல் விழுந்ததை அளவுகோல் குத்தி அளந்திருக்கிறான். காற்று பனியை ஒரு பக்கம் குவித்துவிடும் என்பதால் நாலு இடத்தில் அளந்து சராசரி. எல்லாம் முறைதான், ஆனால் மழையோடு வைப்பதென்றால் உருக்கித்தான் எழுத வேண்டும். பொதுவாகப் பத்துக்கு ஒன்று என்பார்கள், பொலபொலவென்ற பனியாக இருந்தால் அதுவும் தேறாது. அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான், குரல் இறங்கியிருந்தது. "19." கும்பகோணத்துக்கும் கீழே, கடைசி இடம்.

திங்கட்கிழமை எட்டரைக்கு என் மானியைத் திறந்தேன். பாட்டிலின் அடியில் பனித்துளி இரண்டு, அளக்கிற அளவுக்கு இல்லை. எட்டு முப்பத்தொன்றுக்கு முதல் போன் செம்பனார்கோவிலிலிருந்து.

"சுழி" என்றார் சார். "ரெண்டால பெருக்கிப் பாத்துட்டேன், சுழிதான்."