மே மாதக் கடிதங்கள்

சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்கு, திட்டம் இரண்டையும் நானே பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு மே மாதமும் மைய ஆசிரியர்களிடமிருந்து ராஜினாமாக் கடிதங்கள் வரும். ‘சொந்தக் காரணங்களால்’ என்று அவர்கள் எழுதுவார்கள். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு சேவை மனப்பான்மை இல்லை’ என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அதற்கு வைத்தியமாக ஜூலையில் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு நாள் ஊக்கப் பயிற்சி, மதியம் பிரியாணியோடு. அடுத்த மே மாதம் மறுபடியும் கடிதங்கள்.

மூன்றாவது வருடம், அமைப்புச் சிந்தனை பற்றிய ஒரு பயிலரங்குக்குப் போய் வந்தேன். ஒரு பிரச்சினையைத் தனியாகப் பார்க்காமல், அதன் பகுதிகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பார்க்கும் முறை அது. அங்கே கேட்டதில் ஒரு கதை மட்டும் மனதில் நின்றது. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஜே ஃபாரஸ்டரிடம் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் ஒரு புதிரைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய வீட்டு உபயோகப் பொருள் ஆலைகளில் சில வருடம் மூன்று நான்கு ஷிஃப்ட் ஓடும், சில வருடம் கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். சந்தைதான் காரணம் என்று நம்பியிருந்தார்கள். அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். சந்தை சீராக இருந்தால்கூட, ஆள் எடுப்பதற்கும் சரக்கு இருப்பு வைப்பதற்கும் ஆலை தானே வைத்திருந்த விதிகளே அந்த ஆட்டத்தை உண்டாக்கப் போதும் என்று தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம், களப் பணியாளர்களோடு சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து உட்கார்ந்தோம். நடுவில் ‘ஆசிரியர் போகிறார்’ என்று எழுதினேன். ஏன் என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எட்டு வருடமாக இருந்த ஒருங்கிணைப்பாளர் அக்காதான் வாயைத் திறந்தார். “சார், ஏப்ரல், மே, ஜூன் சம்பளம் எப்ப போச்சுன்னு உங்க நோட்டுலயே பாருங்களேன்.”

பார்த்தேன். மூன்று வருடமும் மூன்று மாதச் சம்பளம் மொத்தமாக ஜூலையில்தான் போயிருந்தது. வவுச்சரில் என் கையெழுத்து.

அதன்பின் காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும் அம்புக்குறிகள் தாமாகவே விழுந்தன. மார்ச் 31-ல் நிதி ஒப்பந்தம் முடியும். தணிக்கைக் கணக்கு போய், யு.சி. என்னும் நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் போய், புதுப்பித்து முதல் தவணை வர ஜூலை ஆகிவிடும். தனியார் பள்ளிகள் ஆள் எடுப்பது மே மாதம். எங்களிடம் நன்றாகப் பாடம் நடத்தியவர்களுக்கு அங்கே முதலில் வேலை கிடைத்துவிடும். புதியவருக்குப் பிள்ளைகளின் பெயர் பழகுவதற்குள் காலாண்டுத் தேர்வு. பிப்ரவரி மதிப்பீட்டில் முன்னேற்றம் இல்லை. நிதி தருபவருக்குச் சந்தேகம் வரும், மாதாமாதம் ரிப்போர்ட் கேட்பார். ஒப்பந்தம் மறுபடி ஒரு வருடத்துக்கு மட்டும். ரிப்போர்ட் எழுதும் மாலையில் மையத்துக்கு யார் போவது? கடைசி அம்பு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தபோது அக்கா சிரித்துவிட்டார்.

எங்கள் ஊரில் கண்மாய் தெரியாதவர் கிடையாது. தண்ணீர் வரும் வரத்துக்கால், பாசனத்துக்குத் திறக்கும் மடை, மிஞ்சியது வழிந்து வெளியேறும் கலுங்கு மூன்றையும் பார்த்துத்தான் தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும் என்று சொல்வார்கள். நாங்களோ வரத்துக்காலை மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தோம். அனுபவம் கலுங்கு வழியே போய்க்கொண்டிருந்தது.

இதில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. நிர்வாகச் செலவு ஐந்து சதவீதம்தான் என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பெருமையாக எழுதியவன் நான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதியில் 20 சதவீதம்வரை நிர்வாகத்துக்குச் செலவிடலாம். சி.எஸ்.ஆர். எனப்படும், கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவுக்கான விதிகளில் உள்ள 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலையைப் பொதுவாக நிர்வகிக்க ஆகும் செலவுக்கானது. திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. நாங்களோ அந்த வரம்பை எங்கள் தலையில் சுமந்துகொண்டோம். குறைத்துக் காட்டியதை அடுத்த வருடம் நிதி தருபவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுழற்சியைத் தொடங்கிவைத்தது வேறு யாருமில்லை.

செய்தது கொஞ்சம்தான். 2021-ல் வந்த சி.எஸ்.ஆர். திருத்த விதிகள், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுவரை ஒரு திட்டத்தைத் தொடர் திட்டமாக எடுக்க இடம் தருகின்றன. அதைக் காட்டி ஒரு கம்பெனியிடம் பேசினோம், ஒத்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் தரும் நன்கொடையை ஏப்ரல் முதல் ஜூன்வரை சம்பளத்துக்கென்று தனியாக ஒதுக்கினோம். முதல் வருடம் அந்தப் பணம் ஜீப் ரிப்பேருக்குப் போய்விட்டது, அதற்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். நான்கு நிதியாளர்களின் படிவங்களையும் ஒரே பதிவேடாக்கிய முயற்சி படுதோல்வி. ஒருவர் தன் எக்ஸெல்லைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்றார். எல்லாவற்றுக்கும் அம்பு வரைந்துவிட்டு ‘அமைப்பே சரியில்லை’ என்று கையை விரிக்கும் சோம்பலும் எங்களுக்கு வந்தது. அந்தச் சமயங்களில் அக்கா சார்ட்டைச் சுருட்டி பீரோவுக்குமேல் போட்டுவிடுவார்.

நான் அங்கிருந்து விலகிய வருடம் ஏப்ரல் சம்பளம் ஏப்ரல் கடைசியிலேயே போனது. மே மாதம் இரண்டு கடிதங்கள்தான் வந்தன. ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு அரசு வேலை. “இதுக்கு எங்க சார் அம்பு போடுறது?” என்றார் அக்கா.