கிழங்குக்கு ஒரு மணி நேரம், இறாலுக்கு ஒரு நிமிடம்

மார்ச் 2, ஞாயிறு

அம்மாவுக்குப் பல் செட் மாட்டி மூன்று வாரம் ஆகிறது. இன்று மதியம் தட்டில் விழுந்த இறாலை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "பிடிக்கலையாம்மா?" என்று கேட்டேன். "பிடிக்காம என்ன, மெல்ல முடியலடா" என்றாள். இறால் என்றால் முதல் ஆளாக வந்து உட்காருபவள் அம்மா. அந்த ஒதுக்கல் என்னை என்னவோ செய்தது.

உருளைக்கிழங்கை மட்டும் இப்போதும் ஆசையாகச் சாப்பிடுகிறாள். அப்படியானால் முழுக் கிழங்கை ஓவனில் சுட்டு, நடுவில் குடைந்து, எடுத்த சதையை மசித்துக் காரமான இறாலோடு கலந்து, திரும்ப அதற்குள்ளேயே வைத்துச் சுட்டால் என்ன என்று தோன்றியது. மாலையே ஆரம்பித்துவிட்டேன்.

200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கிழங்கு வெந்தது. அதற்குள் இறாலை மிளகாய்த்தூள், பூண்டு போட்டு ஐந்து நிமிடம் வதக்கினேன். மசித்த கிழங்கோடு கலந்து, குடைந்த கிழங்கின் ஓட்டுக்குள் அடைத்து, மேலே சீஸ் தூவி, இன்னும் 20 நிமிடம் ஓவனில் விட்டேன். பார்க்க அழகாகத்தான் வந்தது. ஆனால் இறால் பாதி அளவுக்குச் சுருங்கி ரப்பராகிவிட்டது. அம்மா கிழங்கை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு இறாலை மறுபடி ஓரத்தில் வரிசையாக வைத்தாள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும் பொருளுக்கு நான் மொத்தம் 25 நிமிடம் சூடு கொடுத்திருக்கிறேன். தப்பு அங்கேதான்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று சமைக்கவில்லை, கிழங்கு பொறுக்கினேன்.

எல்லா உருளையும் இதற்கு ஆகாது. மெல்லிய பளபளப்பான தோலுள்ள இளங்கிழங்கில் ஈரம் அதிகம், மாவுச்சத்து குறைவு. சுட்டாலும் வழுவழுவென்று கட்டியாகவே நிற்கும். தோல் சற்றுச் சொரசொரப்பாக, வெட்டினால் கத்தியில் வெள்ளையாக மாவு ஒட்டுகிற முற்றிய கிழங்குதான் வேண்டும். அதுதான் வெந்ததும் பூப்போல உதிரும். 250 கிராமிலிருந்து 300 கிராம் வரை, முட்டை வடிவில், ஒரே அளவாக நான்கு எடுத்துக்கொண்டேன். அளவு மாறினால் ஒன்று வெந்து இன்னொன்று வேகாமல் நிற்கும்.

பச்சை படிந்திருந்த இரண்டை ஒதுக்கினேன். பச்சை நிறம் வெறும் பச்சையம்தான். ஆனால் வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சையத்தோடு சேர்ந்து சோலனைன் என்ற நச்சும் கூடியிருக்கலாம், அது தோலில்தான் அதிகம். தோலோடு சாப்பிடப்போகும் பண்டத்துக்கு அப்படிப்பட்ட கிழங்கு வேண்டாம்.

வாங்கியதை ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சுடும்போது தோல் சீக்கிரம் கறுக்கும், சதையிலும் ஒரு தித்திப்பு ஏறும். இருட்டான, காற்றோட்டமான அலமாரி போதும்.

மார்ச் 6, வியாழன்

ஃபாயில் சுற்றுவதா, சும்மா வைப்பதா? கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

இரண்டையும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி, முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்தினேன். உள்ளே சேரும் ஆவி வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் எப்போதாவது ஒன்று ஓவனுக்குள் வெடிக்கும். ஒன்றை ஃபாயிலில் சுற்றினேன். மற்றதன் மேல் எண்ணெயும் உப்பும் தடவிக் கம்பித்தட்டில் நேராக வைத்தேன். 200 டிகிரி, 60 நிமிடம்.

ஃபாயிலுக்குள் இருந்தது சுட்ட கிழங்கே அல்ல, அவித்த கிழங்கு. தன் ஆவியிலேயே ஊறித் தோல் ஈரத்துணி மாதிரி தொங்கியது. சதை நீர்த்துக் களியாக இருந்தது. சும்மா வைத்ததன் தோல் மொறுமொறு, சதை உதிரி உதிரி. அடைப்பதற்கு ஓடு திடமாக நிற்க வேண்டும், ஆகவே ஃபாயிலுக்கு இதில் வேலையே இல்லை.

வெந்ததா என்று குத்திப் பார்த்துக்கொண்டிருந்தவன், இந்தத் தடவை சமையல் தெர்மாமீட்டரை நடுவில் செருகினேன். 85 டிகிரியில் கத்தி இறங்கியது, ஆனால் மசித்தால் நடுவில் சின்னச் சின்னக் கட்டிகள். 98 டிகிரி தொட்டதும் எடுத்தேன். எங்கே தொட்டாலும் உதிர்ந்தது. அம்மாவின் ஈறுக்கு அந்தக் கட்டிகூட உறுத்தும் என்பதால் இந்த எண்ணை அலமாரிக் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன்.

இன்னொன்று: எடுத்த உடனே நீளவாக்கில் கீறிவிட வேண்டும். ஆற விட்டுக் கீறினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி, பாடுபட்டு வரவழைத்த உதிரித்தன்மை போய்விடும். கையைச் சுடும், துணியைப் பிடித்துக்கொண்டு கீறலாம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றுதான் விஷயம் பிடிபட்டது. விரிவாக எழுதி வைக்கிறேன்.

காலையில் அரைக்கிலோ இறாலை உரித்து, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை எடுத்தேன். ஓட்டையும் தலையையும் குப்பையில் போடப் போன கை அப்படியே நின்றது. அம்மாவால் மெல்ல முடியாமல் போனது இறாலின் சதையைத்தான், ருசியை அல்ல. ருசியில் பெரும்பங்கு அந்த ஓட்டிலும் தலையிலும் இருக்கிறது. அதைக் கிழங்குக்குள் கொண்டுபோனால்?

ஓடுகளை ஒரு கரண்டி வெண்ணெயில் வறுத்தேன். சாம்பல் நிறம் மெல்லச் சிவந்து ஆரஞ்சுக்கு வந்தது. அந்தச் சிவப்பு முதலிலிருந்தே ஓட்டில் இருப்பதுதான். பச்சையாக இருக்கும்போது ஒரு புரதம் அதைப் பிடித்து மறைத்து வைத்திருக்கிறது, சூட்டில் அந்தப் பிடி விட்டதும் நிறம் வெளியே வருகிறது. கொழுப்பில் கரையும் நிறம் என்பதால் வெண்ணெயும் சிவந்துவிட்டது. இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி 20 நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, கால் டம்ளராகச் சுண்டவைத்தேன். வீடு முழுக்க வாசனை. கிழங்கை மசிக்கும்போது பாலுக்குப் பதில் இந்தச் சாற்றை ஊற்றினேன். வெறும் மசியலே இறால் ருசியோடு நின்றது!

மசிக்க முள்கரண்டி போதும். ஒருமுறை அவசரத்தில் மிக்ஸியில் போட்டிருக்கிறேன். வேகமாக அடித்தால் செல்கள் உடைந்து மாவுச்சத்து வெளியே வந்து பசையாகிவிடுகிறது, அதைத் திருத்த வழியே கிடையாது.

சரி, இறாலுக்கு வருகிறேன். மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். பச்சை இறாலை அப்படியே மசியலில் கலந்து சுட்டது முதலாவது. இறால் நன்றாக இருந்தது, ஆனால் அது விட்ட தண்ணீரில் மசியல் குழகுழத்தது. முழுக்க வதக்கிக் கலந்தது இரண்டாவது, போன ஞாயிற்றுக்கிழமைக் கதைதான். மூன்றாவதுதான் சரியாக வந்தது. இறாலை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஈரம் போக ஒற்றி, நல்ல சூட்டில் ஒரே ஒரு நிமிடம் புரட்டினேன். ஓரம் சிவந்து நடு இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கும்போதே இறக்கிவிட்டேன். விட வேண்டிய தண்ணீரில் பாதியைச் சட்டியிலேயே விட்டுவிட்டது, வேக வேண்டியதில் பாதி ஓவனுக்கு மிச்சம் இருந்தது.

இது பலிக்க இன்னொன்றும் வேண்டும். மசியல் சூடாக இருக்க வேண்டும், கிழங்கின் ஓடும் சூடாக இருக்க வேண்டும். ஆறிய மசியலை அடைத்தால் அதன் நடுப்பகுதி சூடேறவே 20 நிமிடம் ஆகும், அதற்குள் ஓரத்து இறால் கெட்டிப்பட்டுவிடும். அதனால் கிழங்கைக் குடைந்ததும் (அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் சதையை ஓட்டோடு விட்டேன், இல்லாவிட்டால் கிழிகிறது) வெறும் ஓட்டுக்கு வெண்ணெய் தடவி 220 டிகிரியில் 10 நிமிடம் மொறுமொறுப்பாக்கினேன். அந்த நேரத்தில் மசியல் அடுப்பில் சிறுதீயில். பிறகு கலந்து, அடைத்து, அதே சூட்டில் எட்டே நிமிடம். நடுவில் தெர்மாமீட்டர் 68 காட்டியது. மீனுக்கும் இறாலுக்கும் 63 டிகிரி தாண்டினால் போதும்.

அம்மா நான்கு துண்டு இறால் சாப்பிட்டாள். எண்ணினேன்.

மார்ச் 10, திங்கள்

மிஞ்சிய ஒன்றை நேற்று இரவே, இரண்டு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். இதில் அலட்சியம் கூடாது. 1994-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோ நகரில் 30 பேருக்கு பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்தது. ஃபாயிலில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கைப் பிரிக்காமல் வெளியில் வைத்திருந்து, பிறகு அதில் செய்த ஒரு துவையல்தான் காரணம். சூட்டுக்குத் தப்பும் அந்தக் கிருமியின் வித்துகளுக்கு ஃபாயிலுக்குள் காற்றும் இல்லை, வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் இருக்கிறது. ஃபாயில் வேண்டாம் என்பதற்கு எனக்கு இப்போது இரண்டாவது காரணமும் இருக்கிறது.

திரும்பச் சூடாக்கினால் இறால் கெட்டியாகத்தான் ஆகிறது. இனி ஆளுக்கு ஒன்று, மிச்சம் இல்லாமல்.

மார்ச் 13, வியாழன்

காரத்தைப் பற்றி. கிழங்கு உப்பையும் உறைப்பையும் விழுங்கிவிடும். வதக்கும்போது நாக்கில் சுள்ளென்று இருந்த மசாலா, மசியலில் கலந்ததும் எங்கே போனதென்று தெரியாது. நான் செய்வது இதுதான்: சிறுதீயில் வெண்ணெய் உருகியதும் நசுக்கிய பூண்டு, அது வாசம் வந்ததும் இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரை நிமிடம் கிளறி இறக்கம். மிளகாயின் உறைப்பு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அந்தச் சிவந்த வெண்ணெயை மசியலில் சேர்த்தால் காரம் எல்லா வாயிலும் ஒரே சீராக வரும். தீ கூடினால் தூள் கருகிக் கசக்கும், கருகினால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதே நல்லது. இறால் சேர்க்கும் முன்பே மசியலை ருசி பார்த்து உப்பைச் சரிசெய்ய வேண்டும். எலுமிச்சை கடைசியில், தட்டில்தான்.

கணவாயும் வாங்கினேன். அது இறாலுக்கு நேர் எதிர்க் குணம். ஒன்றரை நிமிடம் வதக்கினால் மெத்தென்று இருக்கும், அதைத் தாண்டினால் தோல் செருப்பு, முக்கால் மணி நேரம் தாண்டிவிட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். சூடும் நேரமும் சேர்ந்து அதன் நாரைக் கரைத்துவிடுகின்றன. ஓவனின் எட்டு நிமிடம் அதற்கு ஆகாத நேரம். அதனால் பொடியாக நறுக்கித் தக்காளி, மிளகாய்த்தூள், மிளகோடு மூடிபோட்டு 50 நிமிடம் வேகவைத்தேன். இனி எத்தனை நிமிடம் ஓவனில் இருந்தாலும் கவலை இல்லை, முந்தின நாளே செய்து வைக்கலாம். அம்மா ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, "இது கணவாயா?" என்று கேட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவும் அவள் மகளும் வந்தார்கள். குழந்தைக்கு இறால், நண்டு எதுவும் ஒவ்வாது. வேகவைத்தாலும் அந்த ஒவ்வாமை போகாது, அதற்குக் காரணமான புரதம் சூட்டில் அழிவதில்லை. ஆகவே அவளுடைய கிழங்கை முதலில் முடித்துவிட்டேன். வேறு தட்டு, வேறு கரண்டி, இறால் சாறு படாத மசியல், உள்ளே மிளகு போட்டு வதக்கிய காளான். அது தயாராகி மூடி வைத்த பிறகுதான் இறால் பொட்டலத்தையே பிரித்தேன்.

மற்ற மூன்றில் அடியில் வேகவைத்த கணவாய், மேலே இறால் மசியல், அதற்கு மேல் கொஞ்சம் சீஸ், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். ஒரு கிழங்குக்கு உரித்த இறால் 80 கிராம், கணவாய் இரண்டு கரண்டி. இதைவிடக் கூடினால் அடைக்கும்போதே பிதுங்குகிறது. 220 டிகிரி, எட்டு நிமிடம்.

அம்மாவின் தட்டை மட்டும் பத்து நிமிடம் ஆறவைத்தேன். பல் செட் அண்ணத்தை மூடியிருப்பதால் சூடு உடனே உறைக்காது, கவனமாக இருக்க வேண்டும் என்று பல் மருத்துவர் சொல்லியிருந்தார். சுட்ட கிழங்கு வெளியே ஆறினாலும் நடுவில் வெகுநேரம் கொதிக்கும். தொட்டுக்கொள்ள கெட்டித் தயிரும் வைத்தேன்.

கரண்டியால் நடுவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். பேசவில்லை. இறாலை ஒதுக்குகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், தட்டின் ஓரம் காலியாகவே இருந்தது. கடைசியில் வெறும் ஓடு மட்டும் மிஞ்சியது. அதை எனக்குத் தள்ளிவிடுவாள் என்று கை நீட்டினேன். அம்மா அதன் ஓரத்தில் மொறுமொறுப்பாக இருந்த ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டு, மெதுவாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்றாள்.

"அடுத்த வாரம் காரம் கொஞ்சம் கூட்டு" என்றாள்.