கோமதி, ஆவுடை, கோமு

ஜூலை 28

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியாச்சு. மதினியிடமிருந்து போன். பேத்தி பிறந்து மாசம் மூணாகியும் பெயர் முடிவாகவில்லை. மதினிக்குக் கோமதிதான் வைக்கணும். மருமகளுக்கோ 'ஷ', 'ஹ' இல்லாத பெயர் கண்ணிலேயே படாது. பிறப்புச் சான்றிதழில் 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம் என்பதால் சண்டைக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

ஜூலை 30

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒருகாலத்தில் 'கோமதி' என்று கூப்பிட்டால் பாதி பெஞ்சு திரும்பிப் பார்க்கும். இனிஷியலைச் சேர்த்துத்தான் வருகைப்பதிவே. அர்த்தத்துக்காக யாரும் வைத்த பெயரில்லை. சங்கரன்கோவில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர். பிள்ளை வரம் கேட்டுக் கோயிலை ஆடிச்சுற்று சுற்றுவார்கள், புற்றுமண் பூசிக்கொள்வார்கள். பெண் பிறந்தால் கோமதி, ஆண் என்றால் கோமதிநாயகம். வீட்டில் ரெண்டு பேருமே 'கோமு'தான். "ஏ கோமு" என்றால் அத்தையும் வருவாள், சித்தப்பாவும் வருவார்.

ஆகஸ்ட் 2

மருமகள் கேட்டாளாம்: "கோ பசு, மதி நிலா. பசுநிலான்னு ஒரு பெயரா அத்தை?" கேள்வி நியாயம்தான். அம்பாள் முகம் நிலா போல என்று கோயிலிலேயே அப்படிப் பிரித்துச் சொல்வதுண்டு. ஆனால் சம்ஸ்கிருதத்தில் 'மதி' இங்கே நிலா இல்லை, 'உடையவள்' என்று காட்டும் விகுதி. கோமதி என்றால் பசுக்களை உடையவள். ரிக் வேதத்தில் அது ஆற்றின் பெயர். லக்னோ வழியாக ஓடிக் கங்கையில் கலக்கும் ஆற்றுக்கும் அதே பெயர்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது அம்மனின் இன்னொரு பெயர்: ஆவுடையம்மாள். ஆ, உடை. அதே பொருள், சுத்தத் தமிழ். பசுக்கூட்டம் சூழப் புன்னைவனத்தில் தவமிருந்தாள் என்பது தலபுராணம். அத்வைதத்தைப் பெண்கள் பாடும் பாட்டாக்கிய செங்கோட்டை ஆவுடையக்காள் பெயரும் இதுதான். இன்று பிள்ளைக்கு ஆவுடை என்று வைக்க எவருக்கும் தைரியமில்லை. கோமதியாவது அங்கங்கே தப்பிப் பிழைக்கிறது. ஆவுடை ஆச்சிமாரோடு போய்விட்டது. எனக்கு ஒரு பேத்தி பிறந்தால் ஆவுடைதான் என்றேன். மதினி சிரித்துவிட்டு பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆகஸ்ட் 7

தபசு. சிவனையும் பெருமாளையும் ஒரே உருவில் பார்க்கணும் என்று தவமிருந்த அம்பாளுக்கு, சாயங்காலம் சங்கரநாராயணராகக் காட்சி. ராத்திரி இரண்டாம் தபசில் சங்கரலிங்கராகக் காட்சி. சம்சாரிகள், அதாவது விவசாயிகள், தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய்வற்றலைச் சப்பரத்தை நோக்கி எறிந்தார்கள். ஒரு வற்றல் என் கொண்டையில் சிக்கி, வீடு வரும்வரை தும்மல். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த ஒருத்தி "கோமதீ!" என்று கத்தினாள். பதறிப்போய்த் திரும்பியதெல்லாம் என் வயசுக்காரிகள்தான்.

ஆகஸ்ட் 11

மதினி போன். சான்றிதழில் மருமகளுக்குப் பிடித்த பெயர், அதோடு 'கோமதி'யும் சேருமாம். சண்டை முடிந்தது என்று நினைத்தேன். இப்போது ஆங்கிலத்தில் 'ஜி' போடுவதா, 'கே' போடுவதா என்று ஆரம்பித்திருக்கிறது. எண் கணிதக்காரர் 'கே' என்கிறாராம். என் பாஸ்போர்ட்டில் ஜி, ரேஷன் கார்டில் கே. வங்கியில் ரெண்டையும் நீட்டிக்கொண்டு நிற்கிற பாடு எனக்குத்தான் தெரியும். ஏதாவது ஒன்றைப் போட்டு எல்லாத்திலேயும் அதையே போடுங்க மதினி என்று சொல்லி வைத்துவிட்டேன்.