குடவாழை நெல்லைப் பார்க்கணும்னா பொங்கலுக்கு முன்னாடியே கிளம்புங்க

திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் சுற்றிவிட்டு நேற்று ராத்திரிதான் வந்து சேர்ந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பாரம்பரிய நெல் என்றால் எல்லோரும் கோடையில் நடக்கும் நெல் திருவிழாவுக்குத்தான் போகிறார்கள். அங்கே விதை கிடைக்கும், பயிரைப் பார்க்க முடியாது. பயிரைப் பார்க்க வேண்டுமானால் தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போதே போய்விட வேண்டும்.

திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டி 30 கிலோமீட்டர்கூட வராது. பண்டிகைக் கூட்டத்தில் அதற்கே ஒன்றரை மணி நேரம், படிக்கட்டு வரை ஆள். அங்கிருந்து வயலுக்கு ஆட்டோவில் 350 ரூபாய் என்று பேசி ஏறினால், திரும்பும்போது காத்திருந்ததற்குத் தனியாக 200 கேட்கிறார்கள். ஏறும் முன்பே "போய் வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

வயலில் கால் வைத்ததும் அந்தக் கடுப்பெல்லாம் போய்விட்டது. ஒரே வரப்பிலிருந்து மூன்று நெல். தூயமல்லி பழுத்துத் தலை சாய்ந்து நிற்கிறது. அடுத்த வயலில் மாப்பிள்ளைச் சம்பா பாதிப் பழுப்பு. அதற்கும் அப்பால் ஆள் உயரத்தைத் தாண்டி காட்டுயானம், இப்போதுதான் பூக்கிறது. முதலாவது 140 நாளுக்குள் அறுப்புக்கு வருவது, இரண்டாவது 160, கடைசி 180. பக்கத்துப் பக்கத்து வயலில் வேறு வேறு வயதுள்ள நெல்லை வைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. நெல் பூ காலை 9 மணிக்கு மேல் திறந்து ஓரிரு மணி நேரத்தில் மூடிவிடும், பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் பிடிக்கும். பூக்கும் நாளும் வேறாகிவிட்டால் ஒன்றோடொன்று கலக்க வழியே இல்லை. ஒரே வயதுள்ள இரண்டு இரகம் என்றால் நடுவே 3 மீட்டர் இடைவெளி விட வேண்டும்.

அப்படியானால் கலப்பு எங்கிருந்து வருகிறது? போன போகத்தில் உதிர்ந்து தானாக முளைத்த நெல், உதறாத சாக்கு, கூட்டாத களம், எல்லாவற்றுக்கும் மேலாக அறுவடை மெஷின். முந்தைய வயலின் நெல் அதன் தொட்டியிலும் சல்லடையிலும் தங்கியிருந்து அடுத்த வயலில் கொட்டும். அதனால் விதைக்கு விட்ட பகுதியைக் கையால்தான் அறுக்க வேண்டும், அதுவும் மெஷின் இறங்குவதற்கு முன்னால்.

கலவன் எடுப்பது, அதாவது நடுவே கலந்து முளைத்த வேற்று நெல்லைக் களைவது, மூன்று தடவை: தூர் கட்டும்போது, பூக்கும்போது, அறுப்புக்கு முன். அரிவாளால் அறுத்தால் அடித்தூர் மறுபடி துளிர்த்துக் கதிர் விடும், ஆகவே வேரோடு பிடுங்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவில் வெளிப்பார்வைக்குத் தெரியாத கலவனும் உண்டு. சந்தேகப்பட்ட கதிரில் ஒரு நெல்லை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் உமியைக் கீறிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நம்ம நெல். வெள்ளையாக இருந்தால் அந்தத் தூரே வெளியே.

இங்கேதான் புதிதாக இறங்குகிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். கலவனைக் கழிக்கிற ஆர்வத்தில், இருப்பதிலேயே கொழுத்த நாலு கதிரை மட்டும் விதைக்கு எடுத்துப் பெருக்குகிறார்கள். நாட்டு நெல் ஒரே அச்சில் வார்த்தது இல்லை. ஒரே வயலுக்குள்ளேயே ரெண்டு நாள் முந்திப் பூப்பதும் உண்டு, பிந்திப் பூப்பதும் உண்டு. பூக்கிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஒன்று பதராகும், இன்னொன்று தப்பிக்கும். நாலு கதிரில் சுருக்கிவிட்டால் பெயர்தான் மிஞ்சும். ஓரத்து ரெண்டு வரிசையை விட்டுவிட்டு, மேடு பள்ளம் எல்லா இடத்திலிருந்தும் 200, 300 தூரில் தூருக்கொரு கதிராக எடுங்கள்.

மத்தியானம் ஒரு வீட்டில் மாப்பிள்ளைச் சம்பா பழைய சோறு. முதல் நாள் ராத்திரி ஊறவைத்து, காலையில் நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, மறுநாள் வரை நீர் ஊற்றி வைத்தது. இளஞ்சிவப்பு நீராகாரம், தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் சுண்டின கருவாட்டுக் குழம்பும். இந்தப் பயணத்தில் இதற்கு ஈடாக வேறெதுவும் சாப்பிடவில்லை. ராத்திரி வரை பசியே இல்லை, சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

வேதாரண்யம் பக்கம் மண்ணே வேறு. உப்பு ஏறின நிலம். அங்கே புழுதியில் விதைத்து மழைக்கு விட்டுவிடும் நெல் குடவாழை. புது இரகங்கள் கருகிப்போகிற இடத்தில் இது நிற்கிறது. காவிரித் தண்ணீர் பாயும் வயலில் இதன் அருமை தெரியாது. கடலோரத்தில் ஒருவர் வருஷம் தவறாமல் விதைத்தால்தான் இந்தக் குணம் உயிரோடு இருக்கும். விதை நெல்லைச் சும்மா வைத்திருந்தால், இந்த ஊர் ஈரப்பதத்தில் ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்பு இறங்கிவிடும்.

வழியில் ஒரு கடையில் "பாரம்பரிய விதை" என்று 2 கிலோ 400 ரூபாய்க்கு விற்றார்கள். கையில் கொட்டிப் பார்த்தால் மூன்று விதமான நெல். இது அநியாயம். பாரம்பரிய நெல்லைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை தருவார்கள், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு இல்லை. 174 இரகங்களை அவர் மீட்டது இப்படிக் கை மாற்றிக் கை மாற்றித்தான். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. அப்படி ஒரு வருஷம் ஒருவர் வயல் போனாலும் அதே நெல் இன்னொரு ஊரில் இருக்கும்.

விதை வாங்கினால் பஸ்ஸில் எஞ்சின் பக்கம் வைக்காதீர்கள், சூட்டில் முளைப்பு கெடும். 2 கிலோவை ஒற்றை நாற்றாக நட்டால் அரை ஏக்கருக்கு மேல் வரும். வீட்டுக்கு வந்ததும் 100 நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். ஏழாம் நாள் பிரித்து எண்ணும்போது 80க்குக் குறைந்தால், நாற்றங்காலுக்கு எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ப விதையைக் கூட்டிப் போடுங்கள்.