எரு போடாத மண்

பூவெளி, அதாவது காட்டுப்பூக்கள் புல்லோடு கலந்து பூக்கும் வெளி, அமைக்கப் போய் நான் செய்த முதல் தவறு, மண்ணுக்கு எரு போட்டது. புல் இடுப்பளவு எழுந்தது. தூவிய காட்டுப்பூ விதைகளெல்லாம் அதன் நிழலிலேயே வதங்கிப்போயின. அவற்றுக்கு மெலிந்த மண்தான் வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அடுத்த பருவத்தில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தேன். விதையை மணலோடு கலந்து தூவி, மூடாமல் காலால் மிதித்துவிட்டேன். பல விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். பூத்து விதை உதிர்ந்தபின் ஒரே ஒரு அறுப்பு. அறுத்ததை அங்கேயே மட்க விடக்கூடாது, வாரி எடுத்துவிட வேண்டும். விட்டால் அதுவே உரமாகி மறுபடி புல்லுக்குத்தான் போகும். (ஐரோப்பாவில் புல்லை அடக்கவென்றே யெல்லோ ராட்டில் என்ற செடியை விதைக்கிறார்கள். புல்லின் வேரை உறிஞ்சி வாழும் அரை ஒட்டுண்ணி அது.)

பிரிட்டனில் மட்டும் 1930களுக்குப் பிறகு இத்தகைய வெளிகளில் 97 விழுக்காடு அழிந்துவிட்டது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்று காலை, வெறும் மண்ணாக விட்டிருந்த மூலையில், கால் நிறைய மகரந்தத்தோடு மண்ணில் கூடு கட்டும் தனித்தேனீ ஒன்று தான் பறித்த சின்னக் குழிக்குள் இறங்கியது. அது திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.